சப்பரத்தின் அகலம்

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்கு வருவது முகமல்ல, செருப்பு. பழுப்பு நிறத் தோல் செருப்பு. கட்டைவிரல் பதிகிற இடம் கறுத்துக் குழிந்திருக்கும்; குதிங்கால் பக்கம் வெளிப்புறமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செருப்பு வாங்கி வந்தால் கொஞ்ச நாளிலேயே அது பழைய செருப்பாகிவிடும். "இவளுக்குச் செருப்பு வாங்கிக் கட்டுப்படியாகாது, லாடம் அடிச்சு விட்டுற வேண்டியதுதான்" என்று என் அண்ணன் கேலி பேசுவான். "அடிச்சு விடுங்க. நீங்க பின்னாடி வண்டியில ஏறி உக்காந்துக்கிறலாம்" என்பார் மதினி. வாசலில் அந்தச் செருப்பு கிடந்தால் மதினி வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் கிடக்காது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. கன்னியர் மடத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். எனக்குக் கல்யாணம் என்ற ஒன்று அமையவில்லை. அமையாததில் பெரிய வருத்தமும் இல்லை. ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, அண்ணன் வீட்டில் சாப்பாடு என்று என் காலம் ஓடியது. அப்போது நாங்கள் காரைக்குடியின் பழைய பகுதியில், பெரிய வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கோடு போட்டு வரைந்த தெருக்கள் அங்கே. நேராகப் போனாலும் ஊர் வரும், இடது பக்கம் திரும்பினாலும் ஊர் வரும். செட்டியார் வீடுகள் முன்வாசலை ஒரு தெருவிலும் பின்வாசலை அடுத்த தெருவிலும் வைத்திருந்தன. மதினிக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று இவர் ஓடுவதைப் பார்த்தால், "டீச்சர், ஏன் சுத்திப் போறீக? இங்குட்டு வாங்க" என்று கதவைத் திறந்து விடுவார். மதினி முகப்பில் நுழைந்து, முற்றம் தாண்டி, சமையல்கட்டில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் இறங்குவார்.

அந்தத் தெருக்களைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. சாக்கடை திறந்து கிடக்கும். அங்கே ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு ஒரு முறை பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்ற செய்தி மூன்றாவது தெருவுக்குப் போய்விட்டது. ஆனால் மதினி பள்ளிக்கும் மாதா கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்தேதான் போனார், அதுவும் ஒரே வழியில் போகமாட்டார். ஏன் இப்படித் தெருத் தெருவாக அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "நேத்துப் போன தெருவுலயே இன்னைக்கும் போனா மத்தத் தெருக்காரவுக என்னைய மறந்துருவாக தம்பி" என்றார். விடிகாலைப் பூசைக்குத் தன் காலால் நடந்து போய்த் திரும்புவது அவருக்கு ஒரு கடமையாக இருக்கவில்லை. அது அவருக்குக் காப்பி குடிப்பது மாதிரி, இல்லாவிட்டால் அன்றைய நாள் தொடங்காது.

அண்ணனுக்கு ஓய்வு பெறுகிற வயதில் சொந்த வீட்டு ஆசை வந்தது. மானகிரிப் பக்கம் வயலும் பொட்டலுமாகக் கிடந்த இடமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். ஆர்ச்சுக்கு மேல் இரண்டு சிமெண்டு யானைகள் நிற்கிற ஒரு நகரில், கடைசி மனையைப் பார்த்துப் பிடித்தான். கடைசி மனை என்றால் நம் வாசலைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள், தூசி இல்லை, சத்தமில்லை என்று விற்றவர் சொன்னதை அப்படியே எங்களிடம் ஒப்பித்தான். முதன்முதலாகக் கூட்டிப் போய்க் காட்டியபோது மதினி தெருவின் நடுவில் நின்று, எதிரே ஓங்கி நின்ற மதிலைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தெரு எங்க போகுது?" என்று கேட்டார். "எங்கயும் போகல. நம்ம வீட்டோட முடியுது" என்றான் அண்ணன், பெருமையாக.

அந்த மதிலுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் நகர் நின்ற நிலம் முழுவதும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெரியவருடையது. ஊர் மரியாதையில் அவரை எல்லோரும் அம்பலம் என்றுதான் கூப்பிடுவார்கள். மதிலுக்கு அந்தப் பக்க நிலம் அவருடைய பங்காளியுடையது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம். அம்பலம் தன் நிலத்தை மனை போட விற்றபோது, தெரு முடிகிற இடத்தில் ஓர் அடி அகலத்துக்கு மட்டும் விற்காமல் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு அதில் மதில் எழுப்பிவிட்டார். தன் நிலத்தில் போட்ட ரோட்டைப் பங்காளியின் மனைகள் பயன்படுத்திவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். பங்காளியும் சும்மா இருப்பாரா? அவரும் தன் நிலத்தை மனையாக்கி, எதிர்ப்பக்கம் பைபாஸைப் பார்த்து ஓர் ஆர்ச் கட்டிக்கொண்டார். நான் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அது பட்டா நிலம், ரோடு இல்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

ஊர் வளர்ந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்குப் பக்கத்தில் நிறைய ஊர்கள் முளைத்து, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்ச், ஒரு வாசல். உள்ளே நாற்பது அடி ரோடு, முப்பது அடி ரோடு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்த ரோடு எதில் போய்ச் சேர்கிறது என்று எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை. அங்கே வயல் இருந்த காலத்தில்கூட வரப்பு இருந்தது. பங்காளிச் சண்டை இருந்தபோதும் வரப்பில் நடக்கிறவனை யாரும் மறித்ததில்லை. வயலை எடுத்து வீடு கட்டினார்கள். வரப்பை எடுத்த இடத்தில் வைப்பதற்கு யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. இதைப் பற்றிக் கோபப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அலுப்பாகத்தான் இருக்கிறது.

குடிபோன கொஞ்ச காலத்தில் அண்ணன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். அவர்களுடைய மகன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான், மதினி அங்கே போக மறுத்துவிட்டார். நான் அதே தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் மதினி வீட்டுக்குப் போய்வந்தேன். இதற்கிடையில், டவுனிலிருந்து வெளியே குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக ஒரு புதுக் கோயில் கட்டினார்கள். எங்கே தெரியுமா? மதிலுக்கு அந்தப் பக்கம், பங்காளியின் நகரில். மதினியின் மாடியில் நின்றால் கோபுரத்துச் சிலுவையில் உட்கார்ந்திருக்கிற காக்கையின் கழுத்து திரும்புவதுகூடத் தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமானால், ஆர்ச்சைத் தாண்டி பைபாஸுக்கு வர வேண்டும். நடுத்திட்டில் திறப்பு இல்லாததால் கோயிலுக்கு எதிர்த் திசையில் வெகுதூரம் போக வேண்டும். அங்கே வண்டிகளோடு வண்டியாகத் திரும்பி, வந்த தூரம் முழுவதையும் மறுபடி கடந்து, அந்த நகரின் ஆர்ச்சுக்குள் நுழைய வேண்டும். நடைபாதை என்ற பேச்சே இல்லை. ஒரு முறை மதினி பிடிவாதமாக நடந்தே போனார். லாரிக்காற்றில் முக்காடு பறந்து, முகமெல்லாம் மண்ணாக, பூசை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டோவில் போனார். மற்ற நாளெல்லாம் காலையில் அந்தப் பக்கம் மணி அடிக்கும்போது இந்தப் பக்கம் வாசல் தெளித்துக்கொண்டு நிற்பார். மனுஷியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஒருநாள் அம்பலத்திடம் நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினார், துணைக்கு நான். தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் இருந்தார் அம்பலம். எழுந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம்?" என்றார். "பக்கந்தான் அம்பலம். சுத்தி வந்தோம், அதான் தூரமாயிருச்சு" என்றார் மதினி. அம்பலத்துக்குப் புரிந்துவிட்டது. மோர் வரவழைத்துக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. "உங்களுக்கு இல்லைங்கல டீச்சர். உங்களுக்குன்னு ஒரு ஆளு போற சந்து விட்டேன்னு வைங்க, நாளைக்கு அதுவே அவனுக்கு வாசலாயிரும். அந்த ஒரு அடிதான் எனக்கு மிச்சம் இருக்க கோவம். அதையும் கேக்காதீக" என்றார். மதினி மோரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். நான் அவர் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மதினியை எனக்கு அத்தனை வருஷமாகத் தெரியும் என்பது பெயரளவில்தான். அந்த ஆண்டு கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றினார்கள். எங்கள் பக்கத்தில் திருவிழாவின் கடைசி நாள் மாலை மாதா சப்பரத்தில் ஏறித் தெருத் தெருவாக வருவார். சப்பரம் என்பது மாதாவின் சிலையான சுரூபத்தை வைத்து, பூவும் விளக்கும் கட்டி இழுத்து வருகிற சிறிய தேர். வீட்டு வாசலுக்கு வரும்போது மெழுகுவத்தி ஏற்றி, உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். இதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: சப்பரம் வந்த வழியே திரும்பாது. ஒரு தெருவில் நுழைந்தால் இன்னொரு தெருவில் வெளியேற வேண்டும். பழைய ஊரில் இது வழக்கம் என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் அங்கே திரும்ப வேண்டிய அவசியமே வந்ததில்லை. புது நகர்களில்தான் கோயில் பாதிரியாரான பங்குச்சாமியாருக்குத் தலைவலியானது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் முட்டுச்சந்து. அதனால் சப்பரம் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடும். மதினி சாமியாரிடம் போய், இந்த வருஷம் எங்கள் நகருக்குச் சப்பரம் வர வேண்டும் என்றார். "உங்க தெரு முட்டுதே டீச்சர்" என்றார் அவர். "முட்டுற எடத்தை நான் பாத்துக்கிறேன் சாமி, நீங்க மாதாவை மட்டும் அனுப்பி வைங்க" என்றார் மதினி.

மறுபடியும் அம்பலத்திடம் போனோம். இந்த முறை மதினி மோரை வாங்கக்கூட இல்லை. "அம்பலம், மாதா வாராக. போலீஸ் துணையோட பைபாஸ் வழியா வந்து, நம்ம தெருவுக்குள்ள நுழைஞ்சு, உங்க செவருகிட்ட வந்து நிப்பாக. எங்க வழக்கத்துல சப்பரம் வந்த வழியே திரும்பாது. நான் என்ன சொல்லட்டும் அவுககிட்ட?" என்றார். அம்பலம் கட்டிலை விட்டு எழுந்தார். பிறகு, "எங்க அம்மன் சப்பரமும் அப்படித்தான் டீச்சர். சாமி முதுகு காட்டித் திரும்பக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனிதனுக்கு மசியாதவரை மதினி மாதாவைக் காட்டி மடக்கிவிட்டார். "எம்புட்டு அகலம் வேணும்?" என்று கேட்டார் அம்பலம். மதினி உற்சாகத்தில் இரண்டு கையையும் விரித்தார். "அகலமாவே வேணும். விளக்குக் கட்டியிருப்பாக, ரெண்டு பக்கமும் ஆளு வரும், பின்னாடி ஜெனரேட்டர் வண்டி வரும். மாதா மேல ஒரு செங்கல்லும் உரசக் கூடாது" என்றார்.

நடந்த தவறு அதுதான். அப்போது எங்கள் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. தனக்கு என்று முதலில் கேட்டது கிடைத்திருந்தால் அது ஓர் ஆள் நுழைகிற அகலமாக இருந்திருக்கும். மாதாவுக்கு என்று கேட்டதால் சப்பரத்தின் அகலம் கிடைத்தது.

அன்று மாலை சப்பரம் வந்ததை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், விரித்தால் அழுகை வரும். எங்கள் தெருவில் இந்து வீடுகளிலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மதில் இருந்த இடத்தில் செங்கல்லை எல்லாம் அள்ளிச் சுத்தம் செய்து, மணலைத் தட்டிவிட்டு, ஓரமாகக் கைகூப்பி நின்றார் அம்பலம். உடைப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய பங்காளியும் வந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பேசவில்லை. சப்பரம் அவர்கள் நடுவே போனபோது இருவருக்கும் மாலை கொடுத்தார்கள். இருவரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் விடிகாலை மணி அடித்தபோது மதினி வாசல் தெளித்துக்கொண்டு நிற்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உடைப்பின் வழியாக, பேச்சு முடிவதற்குள் போய்விடக்கூடிய அந்தத் தூரத்தை நடந்து கடந்தார். அம்பலம் அடைக்க வரவில்லை. ஏன் அடைக்கவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம் டியூஷனுக்கு வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பக்கத்து மாவு மில்லுக்குப் போனார்கள். மதினிக்குப் புதிதாக ஒரு பெரிய நட்பு வட்டம் உண்டானது. யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தினமும் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றார். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் இல்லாததைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிறகு முதலில் பைக்குகள் வந்தன. பைபாஸில் சுற்றாமல் இப்படி வந்தால் சீக்கிரம் போகலாம் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். அப்புறம் ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், தண்ணீர் லாரி. கைப்பேசியில் வழிகாட்டுகிற அந்தப் பெண் குரலுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, ஒருநாள் வெளியூர்க் கார்கள் வரிசையாக எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. தெருக்காரர்கள் உடைப்பின் நடுவில் கல்லுக்கால் நட்டார்கள்; யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி நெருக்கமாக நட்டார்கள். பைக்குகள் அதற்கும் இடையில் புகுந்தன. மதினியிடம் யாரும் நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பழைய ஊரில் அத்தனை தெருவும் திறந்துதான் கிடந்தது; எந்தத் தெருவிலும் யாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. கூட்டம் எல்லாத் தெருவுக்குமாகப் பிரிந்துபோனது. எல்லாத் தெருவையும் அடைத்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்தால், அத்தனை தெருவின் பாரமும் அந்த ஒன்றின் தலையில் வந்து விழுகிறது. தவறு திறந்ததில் இல்லை, மற்றவை அடைபட்டுக் கிடந்ததில்தான். ஆனால் வாசலில் பிள்ளையை விளையாட விட்டுவிட்டு உலை வைத்திருக்கிற அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? என்னால் முடியவில்லை.

எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு அப்போதுதான் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மதினிதான் பிடித்துக்கொண்டு ஓட்டப் பழக்கினார். அன்று மதினி அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவரை நோக்கி வந்தது. பின்னாலிருந்து ஒரு பைக் உடைப்பைப் பிடிக்கிற வேகத்தில் வந்து இடித்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது மதினிதான். குழந்தையின் அம்மா அழுகையினிடையே ஒரு வார்த்தைகூட மதினியைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதினிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது முறையாக அம்பலத்தைப் பார்க்கப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் கூடப் போனேன். "அடைச்சிருங்க அம்பலம்" என்றார். அம்பலம் பதறிவிட்டார். "முழுசா வேண்டாம் டீச்சர். ஒரு ஆளு போற மாதிரி விட்டு அடைக்கிறேன். பங்காளியைப் பத்தி இனிமே ஒண்ணுமில்ல. நீங்க கோயிலுக்குப் போகணும்ல?" என்றார். மதினி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "ஒரு ஆளு போற எடத்துல ஒரு வண்டியும் போகும். பாத்தாச்சு. முழுசா அடைச்சிருங்க. இனிமே யாரு கேட்டாலும் உடைக்காதீக. நானே வந்து கேட்டாலும் உடைக்காதீக. எனக்கு வாக்குக் குடுங்க" என்றார். அம்பலம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தார். சில நாளில் மதில் பழையபடி எழுந்தது. பழைய சுவர் எது, புதுச் சுவர் எது என்று தெரியாதபடி பூசி வெள்ளையடித்தார்கள்.

அடுத்த திருவிழாவுக்குச் சாமியார் வந்து, வழக்கம் கிடக்கட்டும், சப்பரம் உங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போகட்டும் என்றார். மதினி கேட்கவில்லை. தன்னால் மாதா திரும்பி நடந்தார் என்ற பேச்சு வேண்டாம் என்றார். மதிலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒலிபெருக்கியில் வருகிற பூசைக்கு இங்கிருந்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். கோயில்காரர்கள் ஒலிபெருக்கியை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். அந்த நாற்காலியில் அவர் உட்காரத் தொடங்கிய பிறகு எழுந்திருப்பது குறைந்துவிட்டது. முழங்கால் வலி திரும்பி வந்தது, இடுப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. நடங்க மதினி என்று சொன்னால், "எங்க?" என்று கேட்பார். யானை ஆர்ச்சுவரை போய் வரலாமே என்றேன். "அங்க யாரு இருக்கா? ரெண்டு யானை இருக்கு" என்றார். கேலி மட்டும் கடைசிவரை போகவில்லை.

இந்த ஆண்டு மழைக்காலத்தில், இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு மத்தியானம் மதினி இறந்துபோனார். மறுநாள் அடக்கம். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன், எல்லாவற்றுக்கும் "சித்தப்பாவைக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டுத் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டான். பெட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்பலம் வந்தார். ரொம்பத் தளர்ந்துபோயிருந்தார். கூட நாலைந்து ஆட்கள், கையில் கடப்பாரை. மதிலோரம் அவர்களை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, அவுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதனால நானா உடைக்க மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பெட்டி போற வரைக்கும்தான். பொழுது சாயுறதுக்குள்ள நானே நின்னு கட்டிருவேன். அந்த மனுசி கோயிலுக்கு இப்பவாவது நேரா போகட்டும்" என்றார்.

எதிர்வீட்டு அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் மகள், இப்போது வளர்ந்துவிட்டவள், லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறவள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "உடைங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணுமில்ல. டீச்சர் எங்க தெரு வழியாத்தான் போகணும்" என்றாள் அந்த அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடையுங்கள் என்று கத்த வேண்டும்போல எனக்கு இருந்தது. அந்தக் கடப்பாரையை நானே வாங்கி முதல் குத்தைப் போட வேண்டும்போல இருந்தது. ஆனால் பெட்டியைத் தோளில் தூக்கிப் போக இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், பின்னால் கூட்டம் வர வேண்டும். எம்புட்டு அகலம் வேணும் என்று அம்பலம் கேட்பார், நானும் கையை விரிப்பேன். பொழுது சாய்வதற்குள் கட்டுவதாகத்தான் அவர் சொல்கிறார். கட்டவும் செய்வார். ஆனால் மதினி நானே வந்து கேட்டாலும் என்று சொன்னபோது, இந்த நாளையும் நினைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பட்டது. "வேண்டாம் அம்பலம். அவுக சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அமரர் ஊர்தியில் ஏற்றினோம். பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் நடந்து வந்தவர்கள் ஆர்ச்சுவரை வந்து நின்றுவிட்டார்கள். பைபாஸில் நடக்க முடியாது. கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. வண்டி அதற்கு எதிர்த் திசையில் கிளம்பியது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணிச் சத்தம் பின்னால் தேய்ந்து தேய்ந்து, லாரிச் சத்தத்தில் காணாமல் போனது. நடுத்திட்டில் திறப்பு வந்த இடத்தில் காத்துக் கிடந்து திரும்பினோம். மழையில் ஏதோ ஒரு வண்டி நின்றுபோனதால் வரிசை நகரவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு மணி மறுபடி லேசாகக் கேட்கத் தொடங்கியது.

கோயில் வாசலில் சாமியார் அங்கி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இவர் போன மாதம்தான் வந்தவர், மதினியைப் பார்த்ததில்லை. நேரமாகிவிட்டதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. வண்டியை விட்டு இறங்கிய என்னிடம், "ரொம்பத் தூரத்துல இருந்து கொண்டு வர்றீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க சாமி. பக்கத்துச் செவரு" என்றேன்.